நேத்து மேடம்

பாடம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். அடுத்து, ஹாலில் நாத்தனாரின் தையல் மெஷின் நிற்க வேண்டும். படுக்கையறையில் கணவன் குறட்டை வராத பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்க வேண்டும். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர்கள் கம்பி வெட்டுவதை விட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றாகக் கூடிவருவது பகலில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். அந்த இடைவெளிக்குள் அவள் சமையல் மேடையில் இரண்டு பாத்திரங்களைக் கவிழ்த்து, அவற்றின்மேல் போனைச் சாய்த்து, நெற்றி வியர்வையை ஒற்றி, மார்க்கரைத் திறந்து, நிகழ்தகவு நடத்தி முடிக்க வேண்டும்.

கல்லூரியின் வகுப்பறைக் கட்டடத்தில் விரிசல் கண்டிருந்தது. கூரையிலிருந்து ஒரு சிமெண்டுப் பாளம் பெயர்ந்து, நல்ல வேளையாக ஆள் இல்லாத பெஞ்சின்மேல் விழுந்தது. அன்றே கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். மாணவர்கள் வீட்டில் இருக்கட்டும், ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே பாடங்களைப் பதிவுசெய்து அனுப்பட்டும், காணொளிப் பிரிவு சரிபார்த்துக் கல்லூரித் தளத்தில் ஏற்றும் என்று முடிவானது. முடிவெடுத்தவர்களின் வீடுகளில் ஆளுக்கொரு அறையும் அறைக்கொரு கதவும் இருந்திருக்க வேண்டும்.

அவள் வீட்டில் கதவு உள்ள அறை ஒன்றே ஒன்று. அதில் பகலெல்லாம் கணவன் தூங்கினான். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவனுக்கு இரவு வேலை. ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிட்டுக் காலையில் வந்து விழுவான். ஹாலை அவனுடைய அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். மோட்டார் வைத்த மெஷின், துணி வெட்டும் பலகை, சுவரோடு சுவராகத் தொங்கும் அரைகுறைச் சட்டைகள் என்று அது ஒரு சிறிய தொழிற்சாலை. மிச்சம் இருந்தது சமையலறை. பலகைக்கு எங்கே போவது என்று அவள் திரும்பிப் பார்த்தபோது ஃபிரிட்ஜ் வெள்ளை வெளேரென்று நின்றது.

அதன் கதவில் மார்க்கர் நன்றாக எழுதியது, நன்றாக அழிந்தது. கைப்பிடி மட்டும் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் ஓடும்போது அது போட்ட முனகலை போன் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டது. முதலில் அனுப்பிய பாடங்கள் "பின்னணியில் இயந்திர ஓசை" என்று திரும்பி வந்தன. அன்றிலிருந்து அணைத்துவிட்டு எடுத்தாள். எடுத்து முடித்த களைப்பில் மறுபடி போட மறந்தாள். பால் திரிந்தது. இன்னொரு நாள் அவசரத்தில் அழியாத மார்க்கரை எடுத்து எழுதிவிட, நிபந்தனை நிகழ்தகவின் சூத்திரம் ஃபிரிட்ஜ் கதவில் குடியேறிவிட்டது. தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் கணவன் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பான். "இதுக்கு விடை வருமா, இல்ல இப்படியே இருக்குமா?" என்று ஒரு நாள் கேட்டான்.

அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. அவள் அந்தக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். பல வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் பருவம் முடிகிற சமயத்தில் துறைத்தலைவர் வராந்தாவில் நிறுத்தி, "அடுத்த வருஷமும் வந்துடுங்க மேடம்" என்பார். பின்னாலேயே நியமன ஆணை வரும். அந்த ஊரில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்க வேறு கல்லூரி கிடையாது. இந்த வருடம் வராந்தாவே பூட்டிக் கிடந்ததால் அவளே போன் செய்து கேட்டாள். துறைத்தலைவர் நலம் விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், கடைசியில், "முதல்ல வீடியோவ எல்லாம் முடிங்க மேடம், அப்புறம் பேசலாம்" என்றார். ஆகவே வீடியோ முடிந்தால்தான் வேலை. வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும். அதனால்தான் நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே மெஷினை நிறுத்தினார். கணவன் தூக்கத்திலும் திரும்பிப் படுக்கப் பழகினான்.

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் நேத்து மேடம். அது அவளுக்கும் தெரியும். வகுப்புக்குள் நுழைந்ததும் அவள் முதலில் கேட்பது, "நேத்து எங்க விட்டோம்?" திங்கட்கிழமையானாலும் அதேதான். நீண்ட விடுமுறை கழிந்து வந்தாலும் அதேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உண்மையாகவே மறந்துபோய்க் கேட்டது. ஒரே நாளில் நாலு பிரிவுக்குப் பாடம் எடுத்தால் எந்தப் பிரிவில் எங்கே நிறுத்தினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? முன் பெஞ்சு ஒன்று சொல்லும். பின் பெஞ்சு வேண்டுமென்றே வேறொன்று சொல்லும். வக்கீல் என்று அவள் பெயர் வைத்த ஒரு பெண் எழுந்து இரண்டும் தப்பு என்று வாதாடுவாள். மூன்று பேரும் அடித்துக்கொண்டு ஓய்வதற்குள் முந்தின நாள் பாடம் முழுவதும் ஒருமுறை வகுப்பில் உருண்டு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் சாக்பீஸை எடுப்பாள். அவளுக்குத் தெரிந்த பாடம் நடத்தும் முறை அது ஒன்றுதான்.

சமையலறையில் முதல் பாடத்தை எடுத்தபோதும் போனைப் பார்த்து அப்படித்தான் ஆரம்பித்தாள். "நேத்து எங்க விட்டோம்?" என்று கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"கத்திரிக்கோலையா?" என்றது ஹால். "நான் எங்கயும் விடலையே. மெஷின் மேலதான் கெடக்கு."

"அக்கா, உங்கள இல்ல."

"பின்ன யார? வீட்ல வேற யாரு இருக்கா?"

நியாயமான கேள்வி. அவள் அதை அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். இந்த முறை கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. கேள்விக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் யாரும் இல்லாதது அவளுக்கே கேட்டது. ஆனாலும் அனுப்பினாள்.

காணொளிப் பிரிவில் பாடங்களைச் சரிபார்ப்பது ஒரு பெண். அவளை நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் பழக்கம். எப்போதும் ஜலதோஷம் பிடித்த மாதிரியான, பொறுமையான குரல். அந்தப் பெண் போன் செய்து, பாடம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னாள். பிறகு, 'நேத்து' என்ற வார்த்தை வரக்கூடாது என்றாள். 'இன்னைக்கு', 'நாளைக்கு', 'போன வாரம்', 'வர்ற பரீட்சை' எதுவும் கூடாது. மாணவர்களைப் பெயர் சொல்லியோ பட்டப்பெயர் சொல்லியோ கூப்பிடக்கூடாது. சுவரில் காலண்டர் தெரியக்கூடாது. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்று பேசக்கூடாது.

அவள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாணவன் காலையில் பார்ப்பான், இன்னொருத்தி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பாள். யாருடைய நேற்று என்று குழம்பத்தான் செய்வார்கள். சரி என்றாள். காலண்டரைக் கழற்றிப் பீரோவுக்கு மேல் போட்டாள். அடுத்த இடைவெளி கிடைத்ததும் ஃபிரிட்ஜை அணைத்து, மெஷினை நிறுத்தச் சொல்லி, போனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"நே" என்று வந்தது.

அழித்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடியும் "நே". நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. வெறும் வாயோடு ஆரம்பித்தால் அதுதான் வருகிறது என்று ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டாள்: "சென்ற பகுதியில் நாம் கண்டது என்னவென்றால்." அதை வாசித்தபோது தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. மூன்று தடவை வாசித்துப் பார்த்துச் சற்றுத் தேறிவந்த சமயத்தில் படுக்கையறைக் கதவு திறந்தது. கலைந்த தலையோடு கணவன் நின்றான்.

"யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலை. பாடம் எடுக்கறேன்."

"இல்ல, இரங்கல் செய்தி வாசிக்கிற மாதிரி கேட்டுச்சு. அதான் எழுந்து வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்து, சூத்திரத்தை ஒரு பார்வை பார்த்து, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டான். அதற்குள் கம்பி வெட்டுகிறவர்கள் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். அன்றைய கணக்கு அவ்வளவுதான்.

இப்படியே மல்லுக்கட்டி, பாடம் பாடமாக நகர்த்தினாள். சார்பற்ற நிகழ்ச்சிகள் பற்றிய பாடம் வந்தது. அது அவளுக்குப் பிடித்த பாடம். வருடா வருடம் அதை ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாள். ஒரு காசைச் சுண்டுவாள். தலை. மறுபடி சுண்டுவாள். எத்தனை முறை வரிசையாகத் தலை விழுந்தாலும் அடுத்ததாகப் பூ விழுந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதை மாணவர்கள் லேசில் நம்புவதில்லை. இவ்வளவு நேரம் தலையாகவே விழுந்திருக்கிறது, இனிமேல் பூ விழுந்துதானே தீர வேண்டும் என்பார்கள். அப்போது அவள் காசை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "இதுக்கு நேத்துங்கறதே கிடையாது. நேத்து என்ன விழுந்துச்சுன்னு இதுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். அதான் பிரச்சனை." வகுப்பு சிரிக்கும். நேத்து மேடமே நேத்து கிடையாது என்கிறாளே என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்போடு பாடமும் உள்ளே போய்விடும்.

அதை அப்படியே எடுத்தாள். ஒரே தடவையில் வந்தது. ஃபிரிட்ஜைக்கூட மறக்காமல் போட்டாள்.

பாடம் திரும்பி வந்தது. குறிப்பு: 'நேத்து' பல இடங்களில் வருகிறது.

இந்த முறை அவளே காணொளிப் பிரிவுக்குப் போன் செய்தாள். அது வாய்தவறி வந்த வார்த்தை இல்லை, பாடமே அதுதான் என்று விளக்கினாள். அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். தனக்குப் புரிகிறது என்றாள். புரிந்தாலும் வார்த்தை இருந்தால் ஏற்ற முடியாது என்றாள். 'முந்தைய முறை' என்று சொல்லலாமே என்று யோசனையும் கொடுத்தாள்.

"காசுக்கு முந்தைய முறை கிடையாதுன்னு சொல்லவா? நீங்களே சொல்லிப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

"நல்லா இல்லதான் மேடம்."

"அப்புறம்? பசங்க என்ன, ரெண்டு நாள் தள்ளிப் பாத்தா நேத்துன்னா என்னன்னு தெரியாம மயங்கி விழுந்துடுவாங்களா?"

"இந்தப் பசங்களுக்காக இல்ல மேடம். அடுத்த வருஷப் பசங்களுக்கும் இதையேதான போடப் போறோம். அதுக்கு அடுத்த வருஷமும். அதான் பழசாத் தெரியக்கூடாதுன்னு."

ஹாலில் மெஷின் ஓடி நின்றது.

"யார் சொன்னாங்க?"

"மீட்டிங்ல சொன்னாங்களே. உங்க சார்கூட இருந்தாரு." அந்தக் குரல் தயங்கியது. "உங்ககிட்ட சொல்லலையா மேடம்?"

சொல்லவில்லை. வீடியோவை முடித்தால் வேலை என்று நினைத்துத்தான் அவள் பால் திரியத் திரியப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். முடித்தால் வேலை முடிந்தது என்பதுதான் விஷயம். இந்தச் சமையலறையில் இவ்வளவு நாளாக அவள் தனக்குப் பதிலாக வரப்போகிற ஆளைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். அந்த ஆள் சம்பளம் கேட்காது, லீவு கேட்காது, எங்கே விட்டோம் என்றும் கேட்காது.

அன்று சாயங்காலம் கணவன் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். கணவன் முதலில் நம்பவில்லை. இவ்வளவு வருடமாக இருக்கிறவளை அப்படியெல்லாம் விட்டுவிட மாட்டார்கள் என்றான். பிறகு, அவர்கள் விட்டுவிடக்கூடியவர்கள்தான் என்று தானே சொன்னான். நாத்தனார் ஒரு சட்டைக் கையைத் திருப்பிப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். "மட்டமா எடு. ஒரு மண்ணும் புரியாத மாதிரி எடு. அடுத்த வருஷம் அவங்களே உன்னத் தேடி வருவாங்க."

"இந்த வருஷப் பசங்க என்னக்கா பண்ணுவாங்க?"

"அவங்களா உனக்குச் சோறு போடப் போறாங்க?"

மறுநாள் அவள் உண்மையாகவே முயன்றாள். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டினாள். விடை ஒன்றைத் தாண்டிப் போனது. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது முதல் நாள் பாடம். ஃபிரிட்ஜ் கதவில் அந்தத் தப்பான எண் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவளால் கொஞ்ச நேரம்கூடப் பொறுக்க முடியவில்லை. இதைப் பார்த்துவிட்டு ஒருவன் பரீட்சையில் இப்படியே எழுதிவைப்பான். அந்தத் தாள் திருத்த வருவதும் அவளிடம்தான். சொந்தத் தப்புக்குச் சொந்தக் கையால் சுழியம் போட வேண்டும். புடவைத் தலைப்பாலேயே கதவைத் துடைத்துவிட்டு, கைகொள்ளாத எரிச்சலோடு அந்தப் பாடத்தைச் சரியாக எடுத்தாள். மட்டமாக எடுப்பதற்கும் ஒரு திறமை வேண்டும், அது தனக்கு இல்லை என்று கணவனிடம் சொன்னாள்.

துறைத்தலைவருக்கும் போன் செய்தாள். நேராகவே கேட்டாள்: அடுத்த வருடம் நான் இருக்கிறேனா இல்லையா? அவர் நீளமாகப் பேசினார். காலம் மாறிவிட்டது என்றார். எல்லோருக்கும் நெருக்கடி இருக்கிறது என்றார். அவளுடைய வீடியோக்களை முதல்வரே பாராட்டினார் என்றார். இதெல்லாம் தன் கையில் இல்லை என்றார். அவர் கையில் எதுதான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

மிச்சப் பாடங்களை அவள் எடுத்து முடித்தாள். நேற்று இல்லை, இன்று இல்லை, வக்கீல் இல்லை, மழை இல்லை. சென்ற பகுதியில் நாம் கண்டது, அடுத்த பகுதியில் நாம் காணவிருப்பது. காசுக்கு முந்தைய முறை நினைவில் நிற்பதில்லை. எதுவும் திரும்பி வரவில்லை. காணொளிப் பிரிவுப் பெண் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினாள். பாடங்கள் தளத்தில் ஏறின.

ஃபிரிட்ஜ் இனிமேல் தன் பாட்டுக்கு ஓடலாம் என்றிருந்த ஒரு காலையில் வீட்டுப் போன் அடித்தது. நாத்தனார் எடுத்தார். பேசியது ஒரு மாணவனின் அம்மா. மேடம் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறாள், கூப்பிடட்டுமா என்றார் நாத்தனார். இல்லை, வேண்டாம், இருக்கிறார்களா என்றுதான் கேட்டேன் என்று அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இருக்கான்னா? இருக்கா. சமையல் ரூம்ல நின்னு ஃபிரிட்ஜத் தேச்சிட்டிருக்கா. ஏன், இல்லன்னு யாரு சொன்னது?"

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. வகுப்பில் யாரும் அந்த வீடியோக்களை நம்பவில்லை. ஒரு பாடத்தில்கூட மேடம் நேத்து எங்க விட்டோம் என்று கேட்கவில்லை. யாரையும் எழுப்பவில்லை, யாரையும் திட்டவில்லை, வக்கீலை உட்காரச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த மேடம் மூச்சு விடாமல்கூட வகுப்பு நடத்துவாள், நேத்து சொல்லாமல் நடத்த மாட்டாள். ஆகவே இது இந்த வருடப் பாடமே இல்லை; என்றைக்கோ எதற்காகவோ எடுத்து வைத்திருந்த பழைய வீடியோவைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஏன் பழையதைப் போட வேண்டும் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். மேடம் வேலையை விட்டுவிட்டார் என்றது ஒரு கட்சி. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சி அதற்கும் மேலே போயிருந்தது. வக்கீல் எல்லோருடைய பெயரையும் போட்டு முதல்வருக்கு ஒரு புகார் அனுப்பியிருந்தாள்: கட்டடம்தான் உடைந்துவிட்டது, பாடமும் போன வருடத்தது என்றால் எப்படி?

பழசாகத் தெரியக்கூடாது என்று எதை வெட்டினார்களோ, அது இல்லாததாலேயே பழசாகிப்போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, உயிரோடு இருக்கும்போதே துக்கம் விசாரிக்கப்பட்ட கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று முந்த முடியாமல் நின்றன.

துறைத்தலைவர் அன்றைக்கே கூப்பிட்டார். இந்த முறை நலம் விசாரிக்கவில்லை. முதல்வர் குதிக்கிறார் என்றார். மாணவர்கள் பாடத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்களாம். உள்ளே இருக்கும் பாடத்தில் கைவைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒட்டுகிற மாதிரி ஒரு சின்னத் தொடக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார். தேதி சொல்லலாம். வெயில், மழை சொல்லலாம். பட்டப்பெயர்கூடச் சொல்லலாம்.

"அந்த 'நேத்து'வையும் சொல்லிடுங்க மேடம். வழக்கமா சொல்ற மாதிரி."

"அடுத்த வருஷம் யார் சார் சொல்றது?"

"அடுத்த வருஷம்..." அவர் இழுத்தார். "அத அப்போ பாத்துக்கலாமே."

"இப்பவே பாத்துடலாம் சார். இந்த வருஷ நேத்து அடுத்த வருஷத்துக்கு ஆகாது. அந்தப் பசங்களும் இதேமாதிரி ஒரு புகார் எழுதுவாங்க. வருஷா வருஷம் ஒரு ஆள் நின்னு சொன்னாத்தான் ஆகும்."

இவள் இப்படிப் பேசக்கூடியவளா என்ற ஆச்சரியம் அவருக்கு இருந்தது. அவளுக்கும் அந்த ஆச்சரியம் இருந்தது.

"ஆணை வரட்டும் சார். வந்ததும் எடுத்து அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் பெரும்பாடாக இருந்தன. போன் அடிக்கவில்லை. கம்பி வெட்டுகிறவர்கள் வெட்டினார்கள், மெஷின் ஓடியது, ஃபிரிட்ஜ் முனகியது, எதையும் யாரும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. ரொம்ப இழுத்துவிட்டாளோ என்று கணவன் ஒரு முறை மெல்லக் கேட்டான். அவள் பார்த்த பார்வையில் தூங்கப் போய்விட்டான். அவளுக்கும் அதே கேள்விதான். பேசாமல் எடுத்துக் கொடுத்திருந்தால் நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாத்தனார் கேட்டார்.

வேறு யாரையாவது வைத்துத் தொடக்கம் எடுக்க முயன்றார்கள் என்று காணொளிப் பிரிவுப் பெண்ணிடமிருந்து தெரியவந்தது. துறைத்தலைவரே ஒன்றை எடுத்து அனுப்பியிருந்தார். நேற்று எங்கே விட்டோம் என்று அவர் கேட்டதற்குக் கீழே மாணவர்கள் எழுதியிருந்ததை அந்தப் பெண் படித்துக்காட்ட மறுத்துவிட்டாள். வெளியே சொல்லக்கூடிய ஒன்றை மட்டும் சொன்னாள்: "சார், நீங்க எங்களை விட்டு ரொம்ப நாளாச்சு."

ஆணை வந்தது. போனில் வந்த படத்தை அவள் ஹாலில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். வரும் கல்வியாண்டுக்கு அவள் தற்காலிகமாக மறுநியமனம் செய்யப்படுகிறாள். அதுவரை நன்றாக இருந்தது. பணி: ஏற்கெனவே பதிவுசெய்யப்பட்ட புள்ளியியல் பாடங்களுக்குத் தொடக்கவுரை வழங்குதல்.

"வேலை இருக்குல்ல?" என்றான் கணவன்.

"இருக்கு. நேத்துன்னு சொல்ற வேலை."

"சம்பளம்?"

"அதேதான்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

அவள் இன்னொரு முறை வாசித்தாள். விரிவுரை என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. பாடம் நடத்துதல் இல்லை. அவள் போட்டுக் கொடுத்த பாடத்துக்கே அவள் வாசலில் நின்று வரவேற்புச் சொல்ல வேண்டும். கிழித்துப் போடலாம் என்றால் அது போனில் இருக்கும் படம். நாத்தனார் மட்டும், அதில் வேறு என்ன போட்டிருக்கிறது, எவ்வளவு நேரம் பேச வேண்டுமாம் என்று கேட்டார். மெஷினை எத்தனை தடவை நிறுத்த வேண்டியிருக்கும் என்ற கவலை அவருக்கு. அவள் மறுபடி பார்த்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று போடவில்லை.

அடுத்த நாள் அவள் ஃபிரிட்ஜை அணைக்கவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்து மனையில் சாப்பாட்டு நேரம் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. போனைச் சாய்த்துவைத்து, முதல் பாடத்தின் தொடக்கவுரையை எடுத்தாள். நேத்து எங்க விட்டோம் என்று கேட்டாள். நிறுத்தி, காத்திருந்தாள். வக்கீல் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளே சொல்லி, அது ஏன் தப்பு என்று காட்டினாள். பின் பெஞ்சு சொல்லியிருக்கக்கூடியதைச் சொல்லி, அதற்கு ஒரு கணக்குப் போட்டாள். கணக்கிலிருந்து ஒரு சந்தேகம் கிளம்பியது. அதைத் தீர்க்க இன்னொரு கணக்கு. தன்னைப் பற்றி யார் யார் என்னென்ன கதை கட்டினார்கள் என்பது தெரியும் என்றும், மூன்றாவது கட்சிக்காரர்கள் வகுப்பு திறந்ததும் முன் பெஞ்சுக்கு வர வேண்டும் என்றும் சொன்னாள். ஃபிரிட்ஜ் கதவு நிறைந்து, அழித்து, மறுபடி நிறைந்தது. குறட்டைச் சத்தம் வந்தபோது, "அது என் வீட்டுக்காரர், நீங்க எழுதுங்க" என்றாள்.

அனுப்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் காணொளிப் பிரிவுப் பெண் கூப்பிட்டாள். பின்னணி ஓசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"மேடம், தொடக்கவுரை பாடத்தவிட நீளமா இருக்கே."

"ஆமா."

"ரெண்டையும் சேத்து ஒட்டினா ரொம்ப பெரிசாயிடும். தளத்துல ஏறாது. எதையாவது ஒண்ண வெட்டணும்."

"தொடக்கவுரைய வெட்ட முடியாது. ஆணைல இருக்கறது அதுதான்" என்றாள் நேத்து மேடம். "பாடத்த வெட்டுங்க."